கெடுவதும் முதிர்வதும்

தென்னம்பாளையிலிருந்து விடியலில் இறக்கிய கள்ளு மத்தியானத்துக்குள் பொங்கிப் புளித்துவிடும். மறுநாள் கடுக்கும். ஒரு வாரம் விட்டால் காடிதான். பிரான்சின் ரோன் ஆற்றங்கரையில் கோர்னாஸ் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அதன் மலைச்சரிவில் நிற்கும் வயதான திராட்சைக் கொடிகளின் பழத்தில் செய்யும் சிவப்பு ஒயினின் கதை நேர் எதிர். முதல் சில ஆண்டுகள் அது நாக்கைப் பிடித்து இழுக்கும் துவர்ப்பு. பத்து, பதினைந்து ஆண்டுகள் போன பின்தான் வழிக்கு வரும். நல்ல விளைச்சல் ஆண்டின் சரக்கு முப்பதாண்டு தாண்டியும் நிற்கும்.

இரண்டுக்கும் மூலப்பொருள் இனிப்புச் சாறு. இரண்டிலும் சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றும் வேலையில் முன்னிற்பது ஒரே ஈஸ்ட் இனம், சாக்கரோமைசீஸ் செரிவிசியே. அப்படியிருக்க, ஒன்று ஒரே நாளில் கெடுகிறது; இன்னொன்று ஒரு தலைமுறைக் காலம் முதிர்கிறது. ஏன்?

பழசாகப் பழசாக நன்றாகும் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். காலத்துக்குத் தனியாக அப்படியொரு சக்தி கிடையாது. ஒரு பொருளுக்குள் ஆக்சிஜன் எந்த வேகத்தில் நுழைகிறது, நுழைந்த ஆக்சிஜனையும் நுண்ணுயிரிகளையும் எதிர்கொள்ள உள்ளே என்ன இருக்கிறது என்ற கணக்குத்தான் கெடுவதையும் முதிர்வதையும் பிரிக்கிறது. இந்தக் கணக்கைப் படிக்க மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துப் பொந்தியான் தோதான இடம். கடலோரத்தில் தென்னை, உள்ளே அன்னாசி, அதற்கும் அடியில் சில ஆயிரம் ஆண்டுப் பழமையான கரிமண். மூன்றும் ஒரே கேள்விக்கு மூன்று விடைகள்.

கலயத்துக்குள் ஒரு நாள்

பாளையைச் சீவியதும் சொட்டும் சாற்றில் 12 முதல் 15 சதவீதம் சர்க்கரை இருக்கும். புளிப்பும் இல்லை, காரமும் இல்லை, பி.எச். அளவு 7-ஐ ஒட்டி, ஏறக்குறைய தண்ணீரின் நிலையில் இருக்கும். நுண்ணுயிரிகளுக்கு இதைவிட நல்ல விருந்து அமையாது. கலயத்தின் உட்சுவரில் முந்தைய நாளின் மிச்சம் ஒட்டியிருக்கும். சீவிய பாளை முகத்திலும் காற்றிலும் பூச்சிகளின் காலிலும் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் இருக்கும். முதல் சொட்டு விழும்போதே வேலை தொடங்கிவிடுகிறது.

முதலில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் சாற்றைப் புளிக்க வைக்கும். கூடவே ஈஸ்ட்டும் சைமோமோனாஸ் என்ற பாக்டீரியாவும் சர்க்கரையை ஆல்கஹாலாக்கும். நுரை பொங்குவது அப்போது வெளியேறும் கார்பன் டை ஆக்சைடால். ஆல்கஹால் ஐந்து சதவீதத்தை எட்டும் வேளையில் மூன்றாவது கூட்டம் வந்து சேரும்: அசிட்டிக் அமில பாக்டீரியாக்கள். இவற்றுக்கு ஆக்சிஜன் வேண்டும். வாய் திறந்த கலயத்தில் அதற்குப் பஞ்சமில்லை. ஆல்கஹாலையும் ஆக்சிஜனையும் சேர்த்து அவை அசிட்டிக் அமிலமாக்க, கள்ளு காடியாகிறது.

இந்த ஓட்டத்தை நிறுத்த நம்மவர்கள் கண்ட வழி சுண்ணாம்பு. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் சாறு காரத்தன்மை ஏறி, நுண்ணுயிரிகள் முடங்கும். கிடைப்பது பதநீர். அதுவும் காய்ச்சிக் கருப்பட்டியாக்கும் வரைக்குமான தவணைதான்.

தொலைவு கொண்டுபோக முடியாத, மறுநாளுக்கு வைக்க முடியாத இந்தப் பண்டத்துக்கு மலாயாத் தமிழர் வரலாற்றில் தனி இடம் உண்டு. அந்தந்தத் தோட்டத்திலேயே கள்ளுக்கடை. அன்றன்றைக்கு இறக்கி, அன்றன்றைக்குக் குடித்து, கூலியை அன்றன்றைக்கே தொலைப்பது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கள்ளுக்கடைகளை மூடுவதும் அவர்கள் வைத்த கோரிக்கைகளில் ஒன்று. 1947-இல் கெடாவில் தொண்டர் படை என்ற தோட்டத் தமிழர் இயக்கம் கள்ளுக்கடைகளுக்கு எதிராகத் திரண்டது. 

வேதியியல் கண்ணால் பார்த்தால் கள்ளின் குறை மூன்று. தொடக்கத்தில் அமிலம் இல்லை. ஆல்கஹால் போதாது. ஆக்சிஜனை வாங்கிக்கொள்ள உள்ளே எதுவும் இல்லை.

அன்னாசியிடம் இருப்பதும் இல்லாததும்

பொந்தியான் கெச்சிலிலிருந்து உள்நாட்டுப் பக்கம் வந்தால் பெக்கான் நானாஸ். பேரிலேயே அன்னாசியை வைத்திருக்கும் ஊர். இங்குள்ள கரிமண்ணின் பி.எச். 3-க்கும் 4-க்கும் இடையில் கிடக்கும். பெரும்பாலான பயிர்கள் இந்தப் புளித்த மண்ணில் வேர் பிடிக்கத் திணறும். அன்னாசி சளைக்காமல் காய்க்கும்.

அன்னாசிச் சாறும் புளிப்புத்தான், பி.எச். சுமார் 3.5. இது சிவப்பு ஒயினின் அளவுக்குப் பக்கத்திலேயே வருகிறது. கள்ளிடம் இல்லாத முதல் காவல் அன்னாசியிடம் இருக்கிறது. அமிலம் இரண்டு விதமாக உதவும். பல பாக்டீரியாக்களை நேராகவே விரட்டும். அடுத்தது, ஒயின் செய்பவர்கள் சேர்க்கும் கந்தக டை ஆக்சைடின் கூர்மையை ஏற்றும். அந்தக் கந்தகத்தில் நுண்ணுயிரியைத் தாக்கும் வடிவத்தில் இருக்கும் பங்கு, பி.எச். 4-இல் 0.6 சதவீதம்தான், 3.5-இல் 2 சதவீதம். 3-க்கு இறங்கினால் 6 சதவீதம். அளவு மாறாமல், புளிப்பு கூடியதாலேயே பத்து மடங்கு வலிமை.

ஆகவே அன்னாசிச் சாற்றைப் புளிக்க வைத்து, காற்றுப் புகாமல் அடைத்தால் கள்ளைப் போல ஒரே நாளில் கெடாது. ஆனால் நாள்பட வைத்தால் பழத்தின் வாசனை மங்கும், நிறம் பழுப்பேறும். புதிதாக ஏதும் பிறக்காது. கெடாமல் இருப்பது வேறு, முதிர்வது வேறு. முதிர்வதற்கு உள்ளே மாறக்கூடிய சரக்கு வேண்டும். அந்தச் சரக்கின் பெயர் டானின்.

பச்சை வாழைப்பூவையோ, கொட்டைப்பாக்கையோ மென்றால் வாய் வறண்டு இறுகுகிறதே, அதுதான் டானின். நம் எச்சிலில் வழுவழுப்பைத் தரும் புரதங்கள் இருக்கின்றன. டானின் மூலக்கூறுகள் அவற்றைப் பற்றிக்கொண்டு திரித்துப் படிய வைக்கின்றன. வழுவழுப்புப் போனதும் நாக்கும் கன்னமும் ஒன்றோடொன்று உரசுகின்றன. அறுசுவையில் துவர்ப்பு என்று நாம் எண்ணுவது பாதி சுவை, பாதி தொடு உணர்வு. செடிக்கு இது தற்காப்பு. தின்ன வரும் புழுவின் செரிமானப் புரதங்களையும், அழிக்க வரும் பூஞ்சையின் நொதிகளையும் இதே பிடியால் முடக்கலாம்.

திராட்சையில் டானின் இருப்பது தோலிலும் விதையிலும் காம்பிலும். கறுப்புத் திராட்சையின் சாற்றை மட்டும் பிழிந்தால் பெரும்பாலும் வெளிறிய நிறமே வரும். சிவப்பு ஒயினுக்கு நசுக்கிய பழத்தைத் தோலோடும் விதையோடும் வாரக்கணக்கில் ஊறவிட்டுப் புளிக்க வைக்கிறார்கள். தோலிலிருந்து ஆந்தோசயனின் என்ற நிறமியும், தோலிலும் விதையிலுமிருந்து டானினும் சாற்றில் இறங்குகின்றன.

சரிவு என்ன தருகிறது

கோர்னாஸ் ரோன் ஆற்றின் மேற்குக் கரையில், வாலான்ஸ் நகருக்கு அருகே இருக்கிறது. ஊருக்குப் பின்னால் கருங்கல் மலை. சரிவுகளில் கல்லடுக்குச் சுவர் கட்டிப் படிப்படியாகப் பாத்தி பிரித்திருக்கிறார்கள். பல பாத்திகளில் டிராக்டர் ஏறாது. கையும் கடப்பாரையும்தான், அல்லது கயிற்றுச் சுழலியில் இழுக்கும் கலப்பை. 1938-இல் சட்டப்படி எல்லை வகுத்து, இந்தப் பெயரில் விற்கும் ஒயினை சிரா என்ற ஒரே திராட்சையில்தான் செய்ய வேண்டும் என்றாக்கினார்கள். பாரசீகத்து ஷிராஸ் நகரிலிருந்து வந்தது என்று நீண்ட காலம் கதை சொல்லப்பட்ட கொடி அது. 1990-களின் இறுதியில் டி.என்.ஏ. சோதனை அந்தக் கதையை முடித்துவைத்தது. சிராவின் தாய் மொந்தோஸ் பிளாங்ஷ், தந்தை துரேசா. இரண்டும் பிரான்சின் தென்கிழக்கு மலைப்பகுதிக் கொடிகள்.

இவ்வளவு பாடுபட்டு மலையில் ஏன் நட வேண்டும்? ஒரு சிறு கணக்குப் போட்டால் புரியும். கோர்னாஸ் ஏறக்குறைய 45 பாகை வடக்கு அட்சரேகையில் உள்ளது. பழம் முதிரும் செப்டம்பர் பிற்பகுதியில் அங்கே நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து 45 பாகை உயரம்தான் ஏறும். சமதரைக்கு அப்போது கிடைப்பது முழு நேர்வெயிலில் சுமார் 71 சதவீதம். தெற்குப் பார்த்து 30 பாகை சாய்ந்த நிலத்துக்கோ 97 சதவீதம். இதே கணக்கைப் பொந்தியானுக்குப் போடுவோம். அட்சரேகை 1.5 பாகை, அதே நாளில் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே. சமதரைக்கு ஏறத்தாழ முழு வெயிலும் கிடைத்துவிடும். 30 பாகைச் சரிவு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் 88 சதவீதத்தைத் தாண்டாது. வடக்கே லாபம் தருகிற சரிவு, பூமத்திய ரேகைக்கு அருகே நட்டம்.

சரிவின் அடுத்த வேலை நீரை வடிப்பது. சிதைந்த கருங்கல் மண் மழையைத் தேக்கி வைக்காது. தண்ணீருக்கு ஏங்கும் கொடி இலை விடுவதைக் குறைத்து, சிறிய பழமாகக் காய்க்கும். பழம் சிறிதானால் சாற்றுக்குத் தோலின் விகிதம் கூடும். விட்டம் பாதியானால் கன அளவுக்கு ஒப்பிட்ட மேற்பரப்பு இரு மடங்கு. டானினும் நிறமியும் தோலில் இருப்பதால் ஒயினின் முதிரும் திறன் அங்கேயே பாதி தீர்மானமாகிவிடுகிறது.

கொடியின் வயதும் இந்தக் கணக்கில் சேரும். பிரான்சில் பழைய கொடி என்ற சொல்லைப் புட்டியில் போட்டுக்கொள்ளச் சட்ட வரையறை ஏதும் கிடையாது. பன்னாட்டுத் திராட்சை, ஒயின் அமைப்பு 2024-இல்தான் 35 ஆண்டு தாண்டிய கொடி பழைய கொடி என்று பரிந்துரைத்தது. கோர்னாஸில் நூறாண்டை நெருங்கும் கொடிகளும் உண்டு. அதைவிடப் பழையவை அரிது. 1860-களில் ரோன் பள்ளத்தாக்கின் தென்பகுதியில் தலைகாட்டிய ஃபில்லாக்சரா என்ற வேர்ப்பூச்சி அடுத்த சில பத்தாண்டுகளில் பிரான்சின் தோட்டங்களை அழித்தது. பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேர்க்கொடியில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக்கட்டித்தான் மீண்டும் நட்டார்கள்.

வயதான கொடியின் வேர் பாறை இடுக்குகளில் ஆழமாக இறங்கியிருக்கும். கடும் கோடையிலும் கொஞ்சம் ஈரம் கிடைக்கும். ஒரு மழையில் பழம் ஊதிப்போகவும் செய்யாது. தடித்த அடிமரத்தில் மாவுச்சத்துக் கையிருப்பு இருக்கும். காய்ப்புக் குறையும். இதனால் விளைச்சல் சிறுத்து, தரம் ஆண்டுக்கு ஆண்டு பெரிதாக ஆடாமல் நிற்கிறது. வயதுக்கென்று மாயம் எதுவும் இல்லை. இளங்கொடியில் காய்ப்பைக் கட்டுப்படுத்தினால் அதே திசையில் பாதி தூரம் போகலாம்.

கம்பமும் கோர்னாஸும்

தமிழ் மண்ணில் திராட்சை என்றால் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கு. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, கூடலூர்ப் பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் பந்தல் பந்தலாகக் கறுப்புக் குலைகள் தொங்கும். பன்னீர்த் திராட்சை என்று நாம் சொல்வது மஸ்கட் ஹாம்பர்க் என்ற ஐரோப்பிய ரகம். 1832-இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்ததாகச் சொல்லப்படுகிறது. 2023-இல் கம்பம் பன்னீர்த் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

கோர்னாஸ் கொடிக்கு ஆண்டுக்கு ஒரு குளிர்காலம், ஒரு அறுவடை. கம்பத்துக் கொடிக்குக் குளிர்காலமே இல்லை. கவாத்து செய்த நாளிலிருந்து ஏறத்தாழ நான்கு மாதத்தில் பழம் வந்துவிடும். ஒரு தோட்டத்தில் அறுவடை நடக்கும்போது அடுத்த தோட்டத்தில் கவாத்து நடக்கும். ஆண்டு முழுக்கப் பழம் கிடைக்கும் ஊர் என்ற பெயர் இதனால்தான். தின்பதற்கு அருமையான, மணமான, சாறு நிறைந்த பழம். முப்பதாண்டு முதிரும் ஒயினுக்கு வேண்டியதோ வேறு. பழம் கனியும்போது இரவு குளிர்ந்தால் தோலில் நிறமி நன்கு சேரும்; மாலிக் அமிலமும் மிஞ்சும். வெக்கை மிகுந்தால் பழம் தன் அமிலத்தைத் தானே சுவாசித்துத் தீர்த்துவிடும், நிறமி சேர்வதும் தடைபடும். பொந்தியானில் இரவிலும் வெப்பம் 23, 24 பாகைக்குக் கீழே இறங்குவது அபூர்வம். மழையும் ஈரக்காற்றும் வேறு சேர்ந்து அடிச்சாம்பல் நோய்க்கு வழிவிடும். அங்கே சிராவை நட்டால் இலை செழிக்கும், ஒயின் செழிக்காது.

புட்டிக்குள் நடப்பது

1863-இல் மூன்றாம் நெப்போலியன், பிரெஞ்சு ஒயின் ஏன் வழியிலேயே கெட்டுப்போகிறது என்று கண்டறியும் பொறுப்பை லூயி பாஸ்டரிடம் கொடுத்தார். பாஸ்டர் வளர்ந்த அர்புவா ஒயின் ஊர். கெடுதலுக்கு நுண்ணுயிரிகளே காரணம் என்று காட்டியதோடு அவர் நிற்கவில்லை. சில கண்ணாடிக் குழாய்களில் ஒயினை விளிம்புவரை நிரப்பியும், சிலவற்றில் பாதி நிரப்பி மீதியில் காற்றை விட்டும் உருக்கி அடைத்தார். நிரம்பிய குழாயில் ஒயின் அப்படியே இருந்தது. காற்று இருந்த குழாயில் சில வாரங்களில் நிறம் மாறி, வண்டல் படிந்தது. ஒயினை முதிர வைப்பது ஆக்சிஜன் என்று அவர் எழுதினார். 1866-இல் வெளிவந்த ஒயின் ஆய்வு நூலில் இந்தச் சோதனைகள் இருக்கின்றன.

கள்ளைக் காடியாக்கும் அதே ஆக்சிஜன்தான் இங்கே முதிரவும் வைக்கிறது. வேறுபாடு அளவில். காற்றில் திறந்துவைத்த ஒரு லிட்டர் ஒயின் சில மணி நேரத்தில் எட்டு மில்லிகிராம் வரை ஆக்சிஜனைக் கரைத்துக்கொள்ளலாம். தக்கை அடைத்த புட்டிக்குள் ஒரு முழு ஆண்டில் நுழைவது பெரும்பாலும் ஓரிரண்டு மில்லிகிராம். வந்த ஆக்சிஜனை டானின் வாங்கிக்கொள்கிறது. அதில் ஆல்கஹாலின் ஒரு சிறு பங்கு அசிட்டால்டிஹைடாக மாறுகிறது. அந்த அசிட்டால்டிஹைடு ஒரு டானினையும் ஒரு நிறமியையும் இணைக்கும் கொக்கியாகிறது. தனியாக நின்ற ஆந்தோசயனின் சில ஆண்டுகளில் ஏறக்குறைய மறைந்துபோகும். டானினோடு கோத்துக்கொண்டது நிலைக்கும். இளம் ஒயினின் ஊதாச் சிவப்பு செங்கல் நிறமாவது இதனால்தான். கோத்துக் கோத்துப் பெருத்த மூலக்கூறுகள் கரைந்திருக்க முடியாமல் கீழே படிகின்றன. இருபதாண்டுப் புட்டியைச் சாய்த்து ஊற்றும்போது கடைசி மடக்கில் கலங்கி வரும் கறுத்த வண்டல் அதுதான். மிஞ்சிய டானின் எச்சில் புரதத்தைப் பழைய மூர்க்கத்தோடு பற்றுவதில்லை, துவர்ப்பு தணிந்துவிடுகிறது.

எல்லா ஒயினுக்கும் இது பொருந்தாது. உலகில் விற்கும் ஒயினில் பெரும்பகுதி ஓரிரு ஆண்டுக்குள் குடிக்கவே செய்தது. டானினும் அமிலமும் போதாத ஒயினை இருபதாண்டு வைத்தால் அன்னாசி ஒயினுக்கு நேர்ந்ததே நேரும். கோர்னாஸாக இருந்தாலும் ஒரு நாள் டானின் தீரும்; அதற்குப் பின் நுழைகிற ஆக்சிஜன் அதைக் கெடுக்கத்தான் செய்யும்.

பொந்தியானின் பழைய சரக்கு

பொந்தியானில் பாரிட் என்று சொல்லும் ஒரு வாய்க்காலின் ஓரம் நின்று தண்ணீரைப் பாருங்கள். கெட்டியான வரத்தேநீரின் நிறம். சேறு கலங்கிய நிறமல்ல. கண்ணாடிக் குவளையில் மொண்டால் தெளிவாக, செம்பழுப்பாக இருக்கும். கரிமண்ணிலிருந்து கசியும் டானின் வகைப் பொருள்களும் அவற்றின் உறவுப் பொருள்களும் தந்த நிறம் அது.

கடந்த சில ஆயிரம் ஆண்டுகளாக இந்தக் கடலோரச் சதுப்பில் மரங்கள் விழுந்தன. இலையும் வேரும் கிளையும் மக்கவில்லை. வெப்பமண்டலத்தில் விழுந்த இலை சில மாதங்களில் காணாமல் போவதுதான் வழக்கம். இங்கே அவை மீட்டர் கணக்கில் குவிந்து கரிமண்ணாயின. மலாயில் தானா காம்புட். வாய்க்கால் வெட்டும்போது மரத்துண்டுகள் இழை தெரிய வெளியே வருவதுண்டு.

காப்பாற்றியவை ஒயின் கதையில் பார்த்த மூன்றுதான்: தக்கை, அமிலம், டானின். தண்ணீருக்குள் ஆக்சிஜன் பரவும் வேகம் காற்றில் பரவுவதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. தேங்கிய நீர் தக்கையானது. மண்ணின் பி.எச். 3-க்கும் 4-க்கும் இடையில், அமிலம் கிடைத்தது. மரங்கள் விட்டுப்போன டானினும் பிற ஃபீனால் பொருள்களும் நுண்ணுயிரிகளின் நொதிகளைப் பிடித்து முடக்கின. 2001-இல் வேல்ஸ் நாட்டு விஞ்ஞானி கிறிஸ் ஃப்ரீமனும் சகாக்களும் நேச்சர் இதழில் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். ஃபீனாலைச் சிதைக்கும் நொதி வேலை செய்ய ஆக்சிஜன் வேண்டும். ஆக்சிஜன் இல்லாவிட்டால் ஃபீனால் சேரும். சேர்ந்த ஃபீனால் மற்றச் சிதைவு நொதிகள் எல்லாவற்றையும் பூட்டிவிடும். அவர்கள் ஆராய்ந்தது குளிர்நாட்டுக் கரிமண். மரம் குவிந்து உண்டான வெப்பமண்டலக் கரிமண்ணில் ஃபீனால் பொருள்கள் இன்னும் தாராளம்.

பாரிட் வெட்டி நீரை வடித்தால் பூட்டுத் திறக்கிறது. 1970-களில் உலக வங்கிக் கடனுதவியோடு தொடங்கிய மேற்கு ஜொகூர் வேளாண் மேம்பாட்டுத் திட்டம் இந்தக் கடலோரத்தில் வாய்க்கால்களும் கரைகளும் அலைமதகுகளும் கட்டியது. அன்னாசியும் செம்பனையும் தென்னையும் பிழைத்தது அதனால்தான். ஊர்கள் வளர்ந்ததும் அதனால்தான். கூடவே காற்று மண்ணுக்குள் இறங்கியது. 1997-இல் ஜியோடெர்மா இதழில் வெளியான ஆய்வு ஒன்று மேற்கு ஜொகூர்க் கரிமண் அமிழும் வேகத்தைக் கணக்கிட்டது. தொடக்க ஆண்டுகளின் வேகமான சரிவுக்குப் பிறகும் நிலம் ஆண்டுக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த இறக்கத்தில் ஏறக்குறைய 60 சதவீதம் ஆக்சிஜனால் மண் கார்பன் டை ஆக்சைடாக மாறிக் காற்றோடு போனது. மீதி உலர்ந்து சுருங்கியது.

இதற்குக் கைவசம் உள்ள மருந்து நீர்மட்டம். வாய்க்காலில் தடுப்பு வைத்துத் தண்ணீரைப் பயிரின் வேர் தாங்கும் அளவுக்கு உயர்த்திப் பிடித்தால், காற்றுப்பட்டுக் கிடக்கும் மண்ணின் ஆழம் குறைகிறது; இறக்கமும் மட்டுப்படுகிறது, தீப்பிடிக்கும் அபாயமும் குறைகிறது.  முழுதாக நிறுத்த வேண்டுமானால் நிலத்தை மீண்டும் சதுப்பாக விட வேண்டும். அங்கே பயிர் செய்து பிழைப்பவர்களுக்கு அது எளிய தேர்வல்ல.

தள்ளிப்போட்டாலும் கணக்கு ஓரிடத்தில் வந்து நிற்கும். பொந்தியான் கடலோரத்தின் மதகுகள் கடல் வற்றும்போது திறந்து, வயல் நீரைத் தானாக வழியவிட்டு, ஏற்றத்தில் மூடிக்கொள்கின்றன. நிலம் கடலின் இறக்க மட்டத்தைவிட உயரமாக இருக்கும் வரைதான் இந்த ஏற்பாடு நடக்கும். ஆண்டுக்கு 2 சென்டிமீட்டர் என்றால் ஐம்பது ஆண்டில் ஒரு மீட்டர். அந்த எல்லையைத் தாண்டிய வயலுக்கு இரண்டே வழி: இரவு பகலாக பம்பு ஓட்டுவது, இல்லாவிட்டால் கடலுக்கு விட்டுக்கொடுப்பது.